இளம் குதிரையின் கால் முறிந்தால் காப்பாற்றுவது ஏன் கடினம்?

மனிதருக்குக் கட்டுப் போட்டால் சரியாகிறதே, குதிரையை மட்டும் ஏன் கொன்றுவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு ஒட்டாது என்பதல்ல சிக்கல். ஒட்டும்வரை குதிரை நின்றாக வேண்டுமே! சுமார் 500 கிலோ உடம்பு. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் தசையும் நுரையீரலும் கெட்டுவிடும். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, தோலும் தசைநாணும்தான். உடைந்த எலும்பு எளிதில் தோலைக் கிழித்துக்கொண்டு வரும், கிருமி புகும்.

அமெரிக்காவின் பந்தயக் குதிரை பார்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயது. 2006-இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற இரண்டே வாரத்தில், பிரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. உலோகத் தகடும் 27 திருகாணிகளும் வைத்துப் பொருத்தினார்கள். எலும்பு பெருமளவு கூடியும்விட்டது. ஆனால் பாரம் நல்ல கால்களில் இறங்கியதால் குளம்புக்குள் அழற்சி வந்தது; அதுதான் கடைசியில் உயிரை வாங்கியது. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள்.

பிறந்து சில நாளே ஆன குட்டி என்றால் கதை வேறு. 50 கிலோ சொச்சம்தான் இருக்கும், எலும்பும் சீக்கிரம் ஒட்டும். மூட்டருகே இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பில் முறிவு விழுந்தால் மட்டும் கால் கோணலாக வளரலாம்.