கற்பனை நாட்டுக்கு மேப் வரைகிறீர்களா? முதலில் தண்ணீரை ஓடவிடுங்கள்

நண்பர்களோடு ஆடப்போகும் ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்து ஆடுவது) ஒரு கற்பனை நாட்டின் மேப் வரைகிறேன், எவ்வளவு மெனக்கெட்டாலும் பொம்மைப் படம் மாதிரியே இருக்கிறது, நம்பும்படி வரைவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முதல் மேப்பும் பொம்மைப் படம்தான். முழுக் கண்டம் ஒன்று வரைந்திருந்தேன். நடுவே மலைத்தொடர், அதைக் கிழித்துக்கொண்டு மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை ஓர் ஆறு. எங்கள் குழுவில் ஒரு பையன் விவசாயக் குடும்பம். மேப்பை விரித்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, "அண்ணே, இந்தத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. மலைக்குகையில் நான் வைத்திருந்த டிராகனைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. அரை மணி நேரம் ஆற்றைப் பற்றித்தான் பேச்சு.

அதற்கப்புறம் நான் மேப் வரையும் முறையே மாறிவிட்டது. முதலில் மேடு எது பள்ளம் எது என்று குறிப்பேன், உடனே ஆறு. மற்றதெல்லாம் அப்புறம். ஆற்றுக்கு இருக்கும் விதி எளிது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். போகப்போக மற்ற ஆறுகள் வந்து சேரும். கடலை நெருங்கித் தரை தட்டையாகும்வரை பொதுவாகப் பிரியாது. ஏரிக்குப் பல வரத்து இருக்கலாம், வெளியேறும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். விதிவிலக்குகள் உண்டு. தென் அமெரிக்காவில் காசிகியாரே என்றொரு ஆறு ஒரினோகோவிலிருந்து பிரிந்து, அமேசானில் கலக்கும் ரியோ நீக்ரோவில் போய்ச் சேருகிறது. உங்கள் மேப்பிலும் அப்படி ஒன்றை வைக்கலாம். ஆனால் அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு கதை கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, அளவு. கண்டம் வேண்டாம். ஒரு வருடம் வாரக் கடைசிகளில் ஆடியும் எங்கள் ஆட்டக்காரர்கள் என் கண்டத்தில் பார்த்தது மூன்று ஊர், ஒரு காடு. மீதியெல்லாம் நான் தூக்கம் கெட்டு வண்ணம் தீட்டியதோடு சரி. இந்த வகை விளையாட்டுகளில் பேர்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர் போகலாம். மூட்டை முடிச்சோடு, மேடு பள்ளத்தில், 25 கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம் என்பது என் கணக்கு. ஆகவே ஐந்தாறு நாளில் நடந்து கடக்கக்கூடிய ஒரே ஓர் ஆற்றுப் படுகை போதும்.

அவ்வளவு சின்ன இடத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, தாமிரபரணியை ஒரு தாளில் வரைந்து பார்க்கும்வரை. மொத்த நீளம் சுமார் 125 கிலோமீட்டர். பொதிகையில் 1,800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை, மழைக்காடு. பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கினால் வயல். வழியில் சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சீவலப்பேரி அருகே சிற்றாறு என்று ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. கீழே ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் புதைந்த பழங்கால மேடு. கடைசியில் புன்னைக்காயல், மன்னார் வளைகுடா, முத்துக் குளித்த கடல், உப்பளங்கள். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி, கண்ணுக்கு எட்டியவரை செம்மணல். மழைக்காட்டிலிருந்து மணல்மேடுவரை ஒரே மேப்பில், இயற்கையே வரைந்து வைத்திருக்கிறது! இதை ஒரு கற்பனை எழுத்தாளர் வரைந்திருந்தால் "எல்லாத்தையும் ஒரே இடத்தில் திணிச்சிட்டாரே" என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

திணித்ததாகத் தெரியாததற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே காற்று இருப்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. மாஞ்சோலைப் பக்கத்து நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்த்தி. அங்கிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தூத்துக்குடிக்கு அதே காற்று வெறும் காற்றாக வந்து சேர்கிறது. தேரி மணலை இடம் மாற்றிக்கொண்டிருப்பதும் அந்த வறண்ட காற்றுதான். மணலில் பனை நிற்கிறது, பனையால் உடன்குடிக் கருப்பட்டி. ஆக மேப்பின் ஓரத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். காடு எங்கே, பொட்டல் எங்கே என்பதை அந்த அம்பு முடிவு செய்துவிடும். உங்களுக்குப் பிடித்த இடத்தில் பாலைவனம் வராமல் போகலாம். அப்படியானால் மலையை நகர்த்துங்கள், மணலை நகர்த்தாதீர்கள்.

சரி, ஊர்கள். ஆறு வரைந்த பிறகு ஊர் வைப்பது சுலபம்: இரண்டு ஆறு சேரும் இடம், ஆற்றைக் கடக்கத் தோதான துறை, மலையைத் தாண்டும் கணவாய், கழிமுகம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் மாதிரி ஒன்று இருந்தால் அங்கே ஒரு சுங்கச்சாவடி, ஒரு படைவீடு, சுங்கம் கட்ட மனமில்லாதவர்களுக்காக ஒரு கள்ளப்பாதை எல்லாம் தானாக முளைக்கும். சந்தைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் சந்தை ஊர்களுக்கு இடையே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் விடமாட்டேன்.

ஆனால் விளையாட்டுக்குச் சதை போடுவது சண்டைதான், அதையும் தண்ணீரே கொடுக்கும். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிந்து குளங்களை நிரப்புகிறது. மேலே ஒருவன் மதகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் கடைமடையில் ஒருவனுக்குப் பயிர் காயும். இதை அப்படியே எடுத்து எங்கள் ஆட்டத்தில் வைத்தேன். தீய மந்திரவாதி, சாபம், தீர்க்கதரிசனம் எதுவும் இல்லை. மேல்மடைப் பிரபு மதகை அடைத்துவிட்டான், கடைமடை ஊர்க்காரர்கள் வந்து கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆறு வாரம் ஓடியது. கடைசியில் எங்கள் வீரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள், அதில் ஒருவர் பிரபுவின் பக்கம்!

பெயர் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். நாக்கில் நுழையாத எழுத்துக்களைக் கொட்டிக் கவிழ்த்தால் பழமை வந்துவிடும் என்று நினைப்பு. நிஜ மேப்பைப் பாருங்கள். பெருங்குளம், கருங்குளம், சாத்தான்குளம் என்று வரிசையாக வந்தால் அந்தச் சீமை குளத்தை நம்பிப் பிழைத்தது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. பாளையம் என்று முடிந்தால் ஒரு காலத்தில் படை தங்கியிருக்கலாம். மங்கலம் என்றால் அரசன் கொடுத்த தானமாக இருக்கலாம். இவற்றுக்கு நடுவே அதே தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் என்று ஓர் ஊர் இருக்கிறது; மிஷனரிகள் வந்துபோன கதை அந்த ஒரு பெயரிலேயே இருக்கிறது. நீங்களும் நான்கைந்து விகுதிகளை எடுத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பப் போடுங்கள். பிறகு ஓரிடத்தில் மட்டும் வேறு மொழிப் பெயர் ஒன்றை வையுங்கள். ஆட்டக்காரர்கள் அங்கேதான் முதலில் விரலை வைப்பார்கள்.

மென்பொருள் எது நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். இன்கார்னேட், வொண்டர்டிராஃப்ட் இரண்டும் அழகாக வரும். அஸ்காரின் மேப் ஜெனரேட்டர் இலவசம், ஒரு சொடுக்கில் நாடே கிடைக்கும். என் கருத்து, இவற்றைக் கடைசியில் தொடுங்கள். முதல் வரைவு பென்சிலில்தான். கடற்கரைக் கோடு சரியாக வரவில்லையென்றால் ஒரு பிடி துவரம்பருப்பைத் தாளில் கொட்டி, விழுந்த குவியலைச் சுற்றிக் கோடு இழுங்கள். கையால் யோசித்து வரையும் கரையைவிட நன்றாக இருக்கும். (பருப்பைத் திருப்பி டப்பாவில் போட்டுவிடுங்கள். எனக்கு வீட்டில் கிடைத்த திட்டு உங்களுக்கு வேண்டாம்.)

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்களிடம் இருக்கும் மேப்பை ஆட்டக்காரர்களுக்கு அப்படியே கொடுக்காதீர்கள், பழைய மேப் ஒன்றைக் கொடுங்கள். ஏனென்று கொற்கையைப் பார்த்தால் புரியும். கொற்கை, பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கிரேக்கக் குறிப்புகளில்கூட வருகிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்க, துறைமுகம் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சொல்வது அந்தக் காயலைத்தான். பின்னர் அதுவும் தூர்ந்து, வணிகம் தூத்துக்குடிக்குப் போனது. இன்று கொற்கையில் நின்றால் கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இதைப் படித்ததும் எங்கள் குழுவுக்கு முந்நூறு வருடம் பழைய மேப் ஒன்றைத் தயாரித்தேன். டீத்தண்ணீரில் நனைத்து, ஓரத்தை லேசாகத் தீயில் காட்டி. அதில் பெரிய துறைமுகம் ஒன்று, பக்கத்தில் நங்கூரப் படம். நான்கு வாரம் நடந்து, வழியில் கிடைத்த பணத்தையெல்லாம் கப்பல் கூலிக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு கிழவி வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, துறைமுகம் எங்கே?" என்று கேட்டான், என்னிடம் ஆற்றைப் பற்றிக் கேட்ட அதே பையன். நான் கிழவியின் குரலில், "நீ நிக்கிற எடந்தாம்பா" என்றேன்.