நீராவிப் படகின் மர உடலுக்கு ஃபைபர் உறை போடலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில், முர்ரே ஆற்றங்கரை ஊரொன்றில் வசிக்கிறேன். நூறு வயதைக் கடந்த துடுப்புச் சக்கர நீராவிப் படகு ஒன்றைக் காக்கும் தன்னார்வக் குழுவில் நானும் ஒருவன். நீர்மட்டத்தை ஒட்டிய பலகைகள் மெத்தென்று ஆகிவிட்டன. கரையேற்றி ஃபைபர் கிளாஸ் உறை போட்டுவிட்டால் இனிச் செலவே இருக்காது என்கிறார் ஓர் ஒப்பந்தக்காரர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மரம் அழுகுவதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். அதனால்தான் எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பலகை நெடுநாள் தாங்க, நீர்மட்டத்தை ஒட்டிய பலகையும் மேல்தளத்து மழைநீர் கசிந்து தேங்கும் மூலைகளும் முதலில் கெடுகின்றன. உங்கள் படகைக் கெடுப்பது ஆற்றுநீரைவிட மழைநீராகவே இருக்கக்கூடும். முர்ரே படகுகளுக்குப் பயன்பட்ட ரெட் கம் மரம் (நம்மூரில் தைலமரம் என்று நட்டவற்றில் இவ்வினமும் உண்டு) ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். ஃபைபர் அவ்வாறு அசையாது. சில ஆண்டுகளில் உறை மரத்தைவிட்டுப் பிரியும். மேலிருந்து இறங்கிய நீர் இரண்டுக்கும் நடுவே சிறைப்பட்டு, பளபளக்கும் உறைக்குள்ளே பலகை கண்ணுக்குத் தெரியாமல் மக்கும். இதை விற்பவர்கள் உறை போட்ட நாளில் எடுத்த படத்தைத்தான் காட்டுவார்கள். பத்தாண்டு கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள்.

முதலில் மழுங்கிய குத்தூசியால் அடிக்கு அடி குத்திப் பார்த்து, கெட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். ஆணித்தலையைச் சுற்றிக் கருநீலக் கறை படர்ந்திருந்தால், மரத்தின் துவர்ப்புச்சத்து இரும்பைத் தின்கிறது என்று பொருள். அங்கே பலகை நல்லதாகத் தோன்றினாலும் பிடிப்பு இருக்காது.

கரையேற்றவே கூடாதா என்றால், ஒரு நிலையில் ஏற்றலாம். பணமும், அறுத்து வைத்த மரமும், படகு கட்டத் தெரிந்த தச்சரும் கையில் இருக்கும்போது, கூரைக்கு அடியில், ஏராக்கட்டையின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) நீளம் முழுவதும் நெருக்கமாக முட்டுக் கொடுத்து, பலகை காயாமல் ஈரச்சாக்கு போர்த்தி, குறித்த மாதங்களில் இறக்கிவிடும் உறுதியோடு ஏற்றலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏற்றாதீர்கள். காய்ந்து விரிந்த இடுக்கில் நார்த் தும்பை இறுக்கிக் கலப்பத்து அடித்து, அதாவது நீர் புகாமல் அடைத்துவிட்டால், நீரில் இறங்கியதும் பலகை உப்பி, ஆணியையே பிடுங்கிவிடும். முர்ரே கரையிலுள்ள எச்சூகா ஊரில் 1866இல் கட்டிய ‘அடிலெய்ட்’ என்ற நீராவிப் படகு பல ஆண்டுகள் பூங்காவொன்றில் நின்று, 1984இல்தான் மீண்டும் ஆற்றைக் கண்டது. அந்த நற்பேறு எல்லாப் படகுக்கும் வாய்ப்பதில்லை.

நிதி கேட்டால், மூன்று தச்சர்களிடம் விலைப்புள்ளி வாங்கி வரச் சொல்வார்கள். இந்தத் தொழில் தெரிந்தவர் ஒருவரே கிடைக்கும் ஊரில் மூவருக்கு எங்கே போவது? ஆய்வறிக்கைக்குப் பணம் தருபவர்கள் பலகைக்குத் தருவதில்லை. நான் பங்கேற்ற ஒரு பணியில் அறிக்கை மூன்று முறை எழுதப்பட்டது, அதற்குள் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. ஆகவே நிதி அனுமதிக்குக் காத்திராமல், இந்த மழைக்கு முன்பே மேல்தளக் கசிவை அடைத்து, உள்ளே காற்றோட்டம் கொடுத்துவிடுங்கள். குறித்த பலகைகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றத் தச்சரிடம் பேசுங்கள்.