நடுவில் கிடக்கும் பதினோரு வருடம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் பழைய சரபத் கடைகளை, அதாவது தெருவோரத் தேநீர்க் கடைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் உம்மாவின் வாப்பா 1948-ல் கடையநல்லூரிலிருந்து நாகப்பட்டினம் போய், ரஜுலா கப்பலில் இங்கே வந்தவர். 1959-ல் சொந்தமாக ஒரு சரபத் கடை வைத்தார். வீட்டில் இந்தக் கதை எப்போதும் இரண்டே வரிதான்: வெறுங்கையோடு வந்தார், உழைத்துக் கடை வைத்தார். குடும்ப மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வரியை எப்படி நாலு பக்கமாக்குவது?

எஸ்., சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

அந்த இரண்டு வரிக்கு நடுவில் பதினோரு வருடம் கிடக்கிறதே, அதை எழுதுங்கள்.

வெறுங்கை என்ற சொல்லையே என்னால் ஏற்க முடியவில்லை. தறி நொடித்துக் கடையநல்லூரை விட்டுக் கிளம்பியவர்கள் ஒற்றை ஆளாகப் போகவில்லை. முன்னால் போனவர் பின்னால் வருபவரைக் கூப்பிட்டுக்கொண்டார். கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்து இறங்கியவருக்கு, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் ஊர்ச்சனம் இருந்தது. 1941-லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற ஊர்ச் சங்கம் தொடங்கியாயிற்று. போர் முடிந்த மறுவருடம், 1946-ல், அவர்கள் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சம் மறக்காத நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று நினைத்த மனிதர்கள் அவர்கள்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உங்கள் உம்மாவின் வாப்பா வந்து சேர்ந்தது அவர்களிடம்.

அங்கே யார் படுக்க இடம் கொடுத்தார்? யார் கடையில் முதலில் கோப்பை கழுவினார்? எத்தனை வருடம் கழித்து அடுப்புப் பக்கம் விட்டார்கள்? தே தாரிக் என்ற பால் தேநீரை உயர்த்தி ஆற்றுவது கண்காட்சி வேலை என்று இன்று பலர் நினைக்கிறார்கள். டின் பால் கனமானது, அடியில் தங்கிவிடும். உயர்த்தி ஊற்ற ஊற்றத்தான் அது தேயிலைச் சாற்றோடு கலக்கும், சூடும் குடிக்கிற பதத்துக்கு வரும், மேலே நுரை கட்டும். சொட்டுச் சிந்தினாலும் முதலாளிக்கு நட்டம். அந்தக் கை ஒரே நாளில் வந்திருக்காது. இஞ்சி தட்டிப் போட்ட தே ஹாலியா, பால் இல்லாத தே ஓ, பெரும்பாலும் மலாய்ப் பெயர்கள். ஊரில் குடித்திராத ஒன்றை, புதிதாகக் கற்ற மொழியில் விற்றுத்தான் அவர் பிழைத்தார். அவருடைய மலாய் எப்படி இருந்தது என்று பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேளுங்கள்.

கடை என்கிறீர்களே, 1959-ல் அது தெருவோரத் தள்ளுவண்டியா, ஐந்தடி நடைபாதையில் போட்ட மேசையா? உரிமம் இருந்ததா? உரிமமில்லாத தெரு வியாபாரிகள் சோதனைக்கு ஆள் வந்தால் அடுப்போடு ஓட வேண்டியிருந்தது. 1971 முதல் 1986 வரை தெரு வியாபாரிகளை உணவங்காடிகளுக்குள் கொண்டுபோய் அமர்த்தினார்கள். 2020-ல் அந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மலரில் அந்தப் பெருமையைப் போடுங்கள், ஓடிய கதையையும் கட்டாயம் போடுங்கள்.

உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பதினெட்டு மணி நேரம் நின்ற கால் அது. ஆனால் அவரைப் போலவே உழைத்து, கடைசிவரை அடுத்தவர் கடையில் கோப்பை கழுவியவர்களும் இருந்தார்கள். உங்கள் உம்மாவின் வாப்பாவுக்குக் கடனுக்குப் பால் டின் கொடுத்தவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் கிடைத்தால் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

உம்மாவிடம் இன்றைக்கே ஒன்று கேளுங்கள். கடை வைத்த அந்த வருடம், ஊரில் உங்கள் உம்மம்மாவின் எந்த நகை அடகுக்குப் போனது? அது திரும்பி வந்ததா?