கார்த்திகையின் நீலம்

அன்புள்ள ஐயா,

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து, 80 மி.மீ. தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திக் கார்த்திகை நட்சத்திரக் கொத்தை 20 நொடிப் படங்களாக எடுத்தேன். நட்சத்திரங்கள் படத்தில் விழுந்திருக்கின்றன. எல்லோர் படத்திலும் தெரியும் அந்த நீலப் புகை மட்டும் இல்லை. பின்னணி ஒரே பழுப்பு. ஒளிமாசு வடிகட்டி வாங்கலாமா? பெங்களூரில் இந்த ஆசையே வேண்டாமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

வடிகட்டிக்குப் பணம் போடாதீர்கள். அந்த நீலம், கார்த்திகை கடந்துபோகும் தூசியில் பட்டுத் தெறிக்கும் நட்சத்திர வெளிச்சம். எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கைத் தடுக்கும் வடிகட்டி அதையும் சேர்த்தே தடுக்கும்.

ஆசையை விடவும் வேண்டாம். நகர வெளிச்சம் படம் முழுக்கப் பரவுகிறது. நட்சத்திரமோ ஒரு புள்ளியில் குவிகிறது. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு நட்சத்திரக் கொத்துகள் வாய்த்திருக்கின்றன.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய நட்சத்திரங்கள் நிறம் வெளுத்து, அரிசிமணி போல நீண்டிருக்கின்றன. வானத்தோடு சுழலும் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்காவிட்டால் இப்படி நீளும். பெங்களூரில் அது 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அதை மறைக்க எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும். என் மாடியிலும் அதே கதைதான். தாங்கியின் அச்சைக் குத்துமதிப்பாக வடக்கே திருப்பிவிட்டு, 5 நொடிப் படங்களாக முந்நூறு எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நூறு படம் அடுக்கினாலே படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சல் பத்தில் ஒன்றாகிவிடும், நொடி குறைவதால் நிறமும் தப்பிக்கும்.

குவியத்தில் மட்டும் அவசரம் கூடாது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் கீறல் கீறலாக வெட்டிய, குவியம் சரிபார்க்க உதவும் பாதினோவ் மறைப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. மஞ்சள் தடவிய மூலை இன்னும் அப்படியே. அதைக் குழாய் முன் மாட்டினால் நட்சத்திரத்தில் மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை திருகுங்கள். இரவு ஏற ஏறக் குழாய் குளிர்ந்து சுருங்கும். மணிக்கொருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில், இரவு 11 மணியளவில் தெற்கே திருப்புங்கள். ஒமேகா செண்டாரி என்ற பெரிய நட்சத்திரக் கொத்து நமக்கு ஏறக்குறைய 30 பாகை உயரம் ஏறும். டெல்லிக்காரர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. லண்டனில் அது உதிப்பதே கிடையாது. தென்வானத்தை அளக்கச் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன எட்மண்ட் ஹாலி 1677இல் குறித்துவைத்ததை, நீங்கள் லுங்கியோடு மாடிக்குப் போய் எடுக்கலாம்.

நீலம்தான் வேண்டுமென்றால் குளிர்கால அமாவாசையில் ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். வைனு பாப்பு வானாய்வகம் அங்கே காவலூரில் இருப்பது சும்மா இல்லை. கிளம்பும்போது சொல்லுங்கள், உங்கள் காரில் எனக்கும் ஓர் இடம் வேண்டும்.