குளிசையின் அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டுமா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலையிலிருந்து ஒரு தாய்): மகனுக்கு 9 வயது. துடியாட்டத்துக்கும் கவனக்குறைவுக்கும் காலை 7 மணிக்கு மெத்தில்பெனிடேட் 10 மில்லிகிராம் சாதாரணக் குளிசை கொடுக்கிறோம். இடைவேளைக்குப் பிறகு வகுப்பில் ஓரிடத்தில் இருக்கிறானில்லை என்று ரீச்சர் சொல்கிறா. இரத்தம் எடுக்க வீட்டுக்கு வருபவர், மருந்தின் அளவைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தால் டோஸ் சரியா என்று தெரியும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்துக்கு, இவ்வளவு இருந்தால் போதும் என்று நம்பிச் சொல்லக்கூடிய அளவு கிடையாது. ஒரே டோஸ் குடித்த இரண்டு பிள்ளைகளின் இரத்தத்தில் அது பல மடங்கு வேறுபடலாம். குறைவாக உள்ளவன் நன்றாகப் படிப்பான், கூட உள்ளவன் துள்ளிக்கொண்டிருப்பான்.

சாதாரணக் குளிசை குடித்து ஏறக்குறைய 2 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது. பிறகு 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைகிறது. உங்கள் மகன் இடைவேளைக்குப் பிறகு குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதை அறிய ஊசி தேவையில்லை, மணிக்கூடு போதும்.

வீட்டில் இரத்தம் எடுப்பவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழாயில் எடுத்த பிறகும் இந்த மருந்து சிதைந்துகொண்டே இருக்கும். உடனே குளிரவைத்து, பிளாஸ்மாவை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்து, உறைய வைக்க வேண்டும். பையில் போட்டு இரவு பஸ்ஸில் ஏற்றினால் உண்மையில் இருந்ததை விடக் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து யாராவது டோஸைக் கூட்டினால் பாதிக்கப்படுவது பிள்ளை. எத்தனை மணிக்குக் குடித்தான் என்று கேட்காமல் எடுக்கிறாரா? வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த இரத்தப் பரிசோதனை உதவும்: பிள்ளை குளிசையை விழுங்குகிறானா என்ற சந்தேகம். மருந்து உடைந்து உண்டாகும் ரிட்டாலினிக் அமிலம் இரத்தத்தில் கூடுதலாகவும் அதிக நேரமும் இருக்கும். அது இல்லாவிட்டால் குளிசை வயிற்றுக்குள் போகவில்லை என்று ஊகிக்கலாம். அதற்கும்கூட முதலில் செய்ய வேண்டியது, முன்னால் நிறுத்தித் தண்ணீர் குடிக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் பார்ப்பதுதான். ஒரு கிழமை அப்படிப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

கிளினிக்கில் மூன்று நிமிடத்தில் மருந்துத் துண்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் தாய்மார் வேறு யாரிடம் கேட்பார்கள்? இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: குளிசை குடித்த நேரம், ரீச்சர் சொன்ன நேரம், சாப்பாடு, நித்திரை. அடுத்த கிளினிக்கில் அதைக் காட்டி, இடைவேளையில் இரண்டாவது குளிசை வேண்டுமா என்று கேளுங்கள். நிறை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை நீங்களாக அரைக் குளிசைகூடக் கூட்ட வேண்டாம்.