க்ளிவ்டனில் தங்க ஆசை: வீட்டுச் சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹேரோவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அக்டோபரில் பத்தாவது திருமண நாள். இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் தன் கல்யாணத்துக்கு முந்தின இரவு தங்கிய க்ளிவ்டன் ஹவுஸ் என்ற மாளிகை ஹோட்டலில் இரண்டு இரவு தங்க ஆசை. வெள்ளி, சனி, சாப்பாட்டோடு 1,800 பவுண்டு ஆகும்போல் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து மாதம் 500 பவுண்டு சேமிக்க முடியும். வருடத்துக்கு 4,000 பவுண்டு, வீடு வாங்குவதற்காகக் கணவரின் லைஃப்டைம் ஐசாவில் (போடும் பணத்துக்கு அரசாங்கம் 25 சதவீதம் போனஸ் சேர்க்கும் சேமிப்புக் கணக்கு) போடுகிறோம். கிரெடிட் கார்டில் 1,100 பாக்கி. அவசரச் செலவுக்கு மூன்று மாதப் பணம் தனியாக இருக்கிறது. ஐசாவிலிருந்து எடுக்கலாம் என்கிறார் கணவர். கார்டில் போட்டு மெதுவாகக் கட்டலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் வேண்டாம். ஆனால் க்ளிவ்டனுக்குப் போய் வாருங்கள்.

முதலில் ஐசா. முதல் வீடு வாங்குவதற்கோ 60 வயதுக்குப் பிறகோ அல்லாமல் எடுத்தால், எடுக்கும் தொகையில் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 1,800 கைக்கு வர வேண்டுமென்றால் 2,400 எடுக்க வேண்டும், 600 போய்விடும். 'அரசாங்கம் கொடுத்த போனஸைத்தானே திருப்பிக் கேட்கிறார்கள்' என்று கணவர் நினைக்கலாம். அந்த 2,400இல் நீங்கள் போட்டது 1,920, போனஸ் 480. ஆக, உங்கள் சொந்தப் பணத்திலும் 120 பவுண்டு போகிறது.

அடுத்து கார்டு. பழைய பாக்கி இருக்கும் கார்டில் புதுச் செலவைப் போட்டால், வட்டியில்லாத அந்தச் சில வாரங்கள் பொதுவாகக் கிடைக்காது. செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதச் சேமிப்பு முழுவதையும், ஜூனில் 100ஐயும் அதற்கே கொடுங்கள். அதுவரை ஐசாவுக்குப் போடாமல் இருந்தால் போனஸ் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அடுத்த ஏப்ரல் 5க்குள் 4,000ஐப் போட்டு முடித்தால் அந்த வருடத்துக்கான 1,000 போனஸ் முழுதாக வரும்.

உங்கள் வருடச் சேமிப்பு 6,000. ஐசாவுக்கு 4,000, கார்டுக்கு 1,100 போக மீதி 900. அதுதான் க்ளிவ்டனுக்கு.

900இல் இரண்டு இரவு நடக்காது. ஒரு இரவு போதும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இந்த மாதிரி ஹோட்டல்களில் வார நடுவிலும் ஞாயிறு இரவிலும் பொதுவாக வாடகை இறங்கும். அங்கே எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் ஒரு இரவு குறைவாகத் தோன்றாது. அந்த வீடும் தோட்டமும் ஹோட்டல்காரருக்குச் சொந்தமில்லை. 1942இல் அதன் சொந்தக்காரர்களான அஸ்டர் குடும்பம், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. ஹோட்டல் குத்தகைக்கு இருக்கிறது. தேம்ஸைப் பார்த்து இறங்கும் தோட்டம், ரோமின் போர்கேசே மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கல் கைப்பிடிச் சுவர், இதையெல்லாம் பகலில் டிரஸ்ட் டிக்கெட் எடுத்தவர் எவரும் சுற்றிப் பார்க்கலாம். தங்குபவருக்கு மட்டும் கிடைப்பது, கூட்டம் கிளம்பிய பிறகான அந்த மாலையும் மறுநாள் காலையும்தான். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் நான்சி அஸ்டரை ஓவியர் சார்ஜென்ட் வரைந்த படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து காபி குடிக்கலாம். 1961இல் புரொஃப்யூமோவின் கள்ள உறவு விவகாரம் தொடங்கிய நீச்சல் குளமும் அங்கேதான். (ஓர் அமைச்சரின் பதவியைக் காவு வாங்கிய குளம், நீந்துவதற்கு ஒன்றும் குறைவில்லை.) இரண்டாவது இரவில் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறீர்கள்?

சரி, எப்படி முன்பதிவு செய்வது? பாக்கி தீர்ந்த பிறகு அதே கிரெடிட் கார்டில், ஹோட்டலுக்கே நேரடியாகக் கட்டுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு உங்களுக்குத் துணை: ஹோட்டல் சொன்னபடி நடக்காவிட்டால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டினாலும் முழுத் தொகைக்கும் இது பொருந்தும். இடையில் ஒரு புக்கிங் தளம் வந்தால் இந்தப் பாதுகாப்பு சிக்கலாகிவிடலாம். அப்புறம், ஆன்லைனில் வாங்கிய துணிக்கு இருப்பதுபோல 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, தேதி குறித்து எடுத்த அறைக்குச் சட்டப்படி கிடையாது. 'பணம் திரும்பாது' என்ற மலிவு விலையை எடுப்பதற்கு முன் கணவரின் லீவு உறுதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். 'விருப்பத்தின் பேரில்' என்று இருந்தால் கட்டாயமில்லை, ஆனாலும் 900க்குள் அதையும் அடக்கியே திட்டமிடுங்கள். அக்டோபரில் எந்த ஞாயிறும் அதற்குள் அமையவில்லை என்றால் நவம்பரில் பாருங்கள். திருமண நாளன்றே போகத்தான் வேண்டும் என்றால், அன்று தோட்டத்துக்கு டிக்கெட், உள்ளே ஆஃப்டர்நூன் டீ, இரவு ஹேரோ வீட்டிலேயே தூக்கம்.