பழைய பாசிமணி, போலிப் பவளம்: கேள்வி பதில்

கேள்வி (மண்ணடி): அண்ணே, ஆயா போட்டிருந்த பவள மாலையில ஒரு மணி உடைஞ்சிடுச்சு. வெளியே சிவப்பு, துளையைச் சுத்தி வெள்ளை. பவளம்தானா?

பதில்: கண்ணாடிம்மா. வெள்ளைக் கண்ணாடி மேல சிவப்பை மெல்லிசா ஏத்தின வெனிஸ் வகை. நகைக்கடை லென்ஸ், பத்து மடங்கு போதும், உடைஞ்ச ஓரத்துல வைங்க. ரெண்டு நிறமும் கலங்காம வளையமா நிக்கும், உடைப்பும் சிப்பி மாதிரி வழவழன்னு இருக்கும். உள்ளே வெள்ளைக்குப் பதில் பச்சை, மேலே செங்கல் சிவப்புன்னா அது இன்னும் பழைய வகை.

கேள்வி (ராயபுரம்): இழுத்த மணி, சுத்தின மணின்னு எப்படிப் பிரிக்கிறது?

பதில்: மணியை ஈரமாக்கி, பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சு, குமிழியையும் கோடுகளையும் பாருங்க. துளையோட கூடவே நீளவாக்குல ஓடினா இழுத்தது. குழலா இழுத்து, துண்டு போட்டு, துளை மூடாம இருக்கச் சாம்பல் கலந்து மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவாங்க. அரிக்கமேட்டு மணி இப்படித்தான் செஞ்சது. திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில இந்த வேலை நம்ம காலம் வரைக்கும் நடந்திருக்கு. அதனால இழுத்த மணின்னாலே தொன்மைன்னு காசு கொடுத்துடாதீங்க.

கோடு துளையைச் சுத்தி வளைஞ்சா கம்பியில சுத்தினது. கண்ணாடி ஒட்டாம இருக்கக் கம்பியில பூசின களிமண் சில சமயம் துளைக்குள்ள வெள்ளையா ஒட்டியிருக்கும். ஊசியால ரொம்பச் சுரண்டிடாதீங்க, அதுதான் சாட்சி.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): சார், ஒரு முனை வழவழ, மறுமுனை சொரசொர. இடுப்புல பட்டை. 300 வருஷம் பழசுன்னு விக்கிறாங்க.

பதில்: வாய்ப்பே இல்லை. பொடியை அச்சுல அழுத்திச் சுட்ட மணி அது. ரிச்சர்ட் பிராஸர் இந்த முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினது 1840-ல. அப்புறம் பிரான்ஸின் பிரியார் ஊரில் பாப்தெரோஸ் ஆலை, பொடி ஒட்டப் பால் சேர்த்து, ஏராளமாச் செஞ்சுது. பட்டை அச்சால வந்தது. சொரசொரப்பு தேய்மானம் இல்லை, பிறவியிலேயே உள்ளது.

கேள்வி (தண்டையார்பேட்டை): எலுமிச்சைச் சாறு விட்டா நிஜப் பவளம் நுரைக்குமாமே?

பதில்: நுரைக்கும், பவளம் கால்சியம் கார்பனேட். ஆனா சாயமேத்தின சங்கும் சலவைக்கல்லும் அதேதான், அவையும் நுரைக்கும். பாலிஷ் வேற போயிடும். செய்யணும்னா துளை விளிம்புல ஊசிமுனை அளவு மட்டும் விட்டு, உடனே கழுவுங்க. அதுக்கு முன்னால பஞ்சுல அசிட்டோன் (நகச்சாயம் அழிக்கிற திரவம்) தொட்டு, மறைவான இடத்துல தேயுங்க. பஞ்சு சிவந்தா சாயம். கண்ணாடிக்கும் பவளத்துக்கும் மட்டும்தான் இந்த அசிட்டோன். பிளாஸ்டிக் சந்தேகம் இருந்தா தொடவே வேண்டாம், செல்லுலாய்டுங்கிற பழைய வகை பிளாஸ்டிக் கரைஞ்சுடும். அதைச் சுடுதண்ணியில நனைச்சு மோந்து பாருங்க, கற்பூர வாடை வரும்.